வகுறு கேக்கும்

போடியில் யாரும் வயிறு என்று சொல்வதில்லை. வகுறுதான். வகுத்து வலி, வகுறு உப்புசம், வகுறு பொருமுது. என் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் ஏலக்காட்டு வேலைக்குப் போனவள். விடியும் முன்னே ஜீப், போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள், பூப்பாறை, அங்கிருந்து தோட்டம். இருட்டுகிற நேரத்தில் அதே வழியில் இறக்கம். மலையில் வேலை நேரத்தில் வெளிக்கு வந்தால் என்னம்மா செய்வ என்று ஒருமுறை கேட்டேன்.

"வகுறு கேக்கும். கொஞ்ச நேரம் கேக்கும். நாம பேசாம இருந்தா அதுவும் பேசாமப் போயிரும்" என்றாள்.

இந்தப் பேச்சைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வகை எழுத்துகளைப் படித்துப் பார்க்கிறேன். ஒன்று, எல்லோர் கைபேசியிலும் சுற்றிக்கொண்டிருக்கும் 'குடல்தான் இரண்டாவது மூளை' ரக உடல்நலக் கட்டுரைகள். இன்னொன்று நம்முடைய இலக்கியமும் சினிமாவும். இரண்டும் வயிற்றைப் பற்றி நிறையப் பேசுகின்றன. இரண்டுக்குமே அம்மா சொன்னது காதில் விழவில்லை என்பதுதான் என் புகார்.

உடல்நலக் கட்டுரைகளில் இருந்து தொடங்குகிறேன். அவற்றின் அச்சு எல்லோருக்கும் தெரியும். செரோடோனின் மகிழ்ச்சி ஹார்மோன். உடலில் உள்ள செரோடோனினில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் இருக்கிறது. ஆகவே மகிழ்ச்சி குடலில் இருக்கிறது. ஆகவே மோர் குடியுங்கள், பழைய சோறு சாப்பிடுங்கள். முதல் 'ஆகவே'யிலேயே வண்டி பள்ளத்தில் இறங்கிவிடுகிறது. அந்த 90 சதவீதம் உண்மை. ஆனால் குடலில் உண்டாகும் செரோடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போவதில்லை, நடுவில் தடுப்பு இருக்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. பழைய சோறு நல்லதுதான், மறுக்கவில்லை. அதற்கு இந்தச் சாட்சி தேவையில்லை.

செரோடோனினுக்கு மகிழ்ச்சியோடு பிறவித் தொடர்பு எதுவும் கிடையாது. 1930களில் இத்தாலியில் விட்டோரியோ எர்ஸ்பாமர் குடல் சவ்விலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். அது தசையைச் சுருங்க வைத்தது. குடலில் கிடைத்ததால் என்டரமின் என்று பெயர் வைத்தார். 1948இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் மூவரும் ரத்தத்தின் சீரத்திலிருந்து, ரத்தக் குழாயை இறுக்குகிற ஒரு பொருளைப் பிரித்தார்கள். சீரம், இறுக்கம் இரண்டையும் சேர்த்துத்தான் செரோடோனின் என்ற பெயர். இரண்டும் ஒரே பொருள் என்று பிறகு தெரிந்தது. மூளையிலும் அது இருக்கிறது என்று பெட்டி ட்வாரோக் காட்டியது 1953இல்தான். அதாவது குடல், ரத்தம், மூளை என்ற வரிசையில் மூளை கடைசி. மனச்சோர்வு மருந்துகள் சந்தைக்கு வந்த பிறகு கடைசியாக வந்தவர் வீட்டுக்காரர் ஆகிவிட்டார்.

சரி, குடலில் இத்தனை செரோடோனின் என்ன செய்கிறது? இந்தக் கேள்வியின் பதில்தான் அழகானது. அதைத்தான் அந்தக் கட்டுரைகள் தாண்டிக் குதித்துவிடுகின்றன.

1899இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் நாயின் குடலை வைத்துச் சோதித்தார்கள். குடலுக்குள் ஒரு உருண்டை இருந்தால் அதற்கு மேலே உள்ள பகுதி சுருங்குகிறது, கீழே உள்ளது தளர்கிறது. உருண்டை கீழே நகர்கிறது. மூளையோடு தொடர்பைத் துண்டித்தாலும் இது நடந்தது. அப்படியானால் உருண்டை இருப்பது குடலுக்கு எப்படித் தெரிகிறது? எடித் புல்பிரிங் இந்தக் கேள்வியை 1950களில் ஆக்ஸ்ஃபோர்டில் எடுத்துக்கொண்டார். ஜெர்மனியில் பிறந்தவர். அவருடைய தாய் யூத வழி வந்தவர் என்பதற்காக 1933இல் வேலையை இழந்து இங்கிலாந்துக்கு வந்தவர். கினிப்பன்றியின் குடல் துண்டுக்குள் அழுத்தத்தைக் கூட்டினார். செரோடோனின் கூடுதலாக வெளியே வந்தது. குடல் சவ்வில் என்டரோகுரோமாஃபின் என்று ஒரு வகை செல் உண்டு. 1897இல் குல்ச்சிட்ஸ்கி என்ற ரஷ்யர் விவரித்தது. உட்சுவரின் செல்களில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. உடலின் செரோடோனினில் பெரும்பகுதி இந்தச் சிறுபான்மையின் உழைப்பு. அழுத்தத்தை உணர்ந்து செரோடோனினை விடுவது இந்தச் செல்தான் என்பது புல்பிரிங்கின் கருத்து. ஆனால் ஒரு செல் அழுத்தத்தை எதைக் கொண்டு உணரும்? அந்தக் கருவி யார் கையிலும் இல்லை.

அது கிடைக்க அரை நூற்றாண்டு ஆனது. பெய்ரூட்டில் பிறந்த ஆர்மீனியரான ஆர்டெம் படபூடியனும் அவரோடு வேலை செய்த பெர்ட்ராண்ட் கோஸ்டும், குத்தினால் மின்சாரம் எழுப்புகிற ஒரு செல் வகையை எடுத்துக்கொண்டார்கள். சந்தேகப் பட்டியலில் இருந்த மரபணுக்களை ஒவ்வொன்றாக வாயடைத்துவிட்டு, நுண்ணிய கண்ணாடிக் குழலால் செல்லைக் குத்திப் பார்த்தார்கள். 71 மரபணுக்களை அடக்கியும் செல் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. 72ஆவதை அடக்கியதும் பேச்சு நின்றது. 2010இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்புக்கு பியசோ என்று பெயர். அழுத்து என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் உறவுக்கார மரபணு பியசோ2. 2021இல் படபூடியனுக்கு நோபல் கிடைத்தது, டேவிட் ஜூலியஸோடு பகிர்ந்து.

பியசோ மூன்று இதழ் கொண்ட காற்றாடி மாதிரி செல்லின் சவ்வில் உட்கார்ந்திருக்கும் புரதம். சவ்வு இழுபட்டால் இதழ்கள் தட்டையாகும், நடுவில் துளை திறக்கும், கால்சியம் முதலான அயனிகள் உள்ளே பாயும். அவ்வளவுதான். நம் விரல் நுனியில் மெல்லிய தொடுதலை உணரும் மெர்க்கல் செல்களில் இருப்பது பியசோ2. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கான்ஸ்டான்சா அல்கைனோ, ஆர்தர் பெய்டர் குழுவினர் 2018இல், அதே பியசோ2 என்டரோகுரோமாஃபின் செல்லிலும் இருக்கிறது, அந்தச் செல்லை அழுத்தினால் துளை திறந்து செரோடோனின் வெளியேறுகிறது என்று காட்டினார்கள். வெளியேறிய செரோடோனின் பக்கத்தில் காத்திருக்கும் நரம்பு நுனிகளைத் தட்டுகிறது. குடல் நகர்கிறது, உள்ளே தண்ணீர் கசிகிறது.

தண்ணீர் கசிவதை லேசாக நினைக்க வேண்டாம். 1959இல் கல்கத்தாவில் சம்பு நாத் தே, முயலின் குடலை முடிச்சுப் போட்டு, காலரா கிருமி வளர்ந்த திரவத்தைக் கிருமி நீக்கி அதற்குள் செலுத்தினார். குடல் வீங்கி நிரம்பியது. காலராவில் ஆளைக் கொல்வது ஒரு நஞ்சு என்று உலகுக்குத் தெரிந்தது அப்படித்தான். அந்த வெள்ளத்தில் இந்தச் செல்கள் விடும் செரோடோனினுக்கும் ஒரு பங்கு உண்டு என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். மகிழ்ச்சி ஹார்மோனாம்!

இதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. ஏலச்செடியில் காய் உச்சியில் தொங்குவதில்லை. தூரடியில் மண்ணை ஒட்டிப் படரும் சரத்தில் பிடிக்கும். அம்மா குனிந்தும் குத்தவைத்தும் அந்த இருட்டுக்குள் விரலை விட்டு, கண்ணால் பார்ப்பதற்கு முன்பே தடவி, எது காய் எது பிஞ்சு என்று அறிவாள். அந்த விரல் நுனியில் எந்தப் புரதம் உட்கார்ந்து அழுத்தத்தை எடைபோட்டதோ, அதே புரதம் அதே நேரத்தில் அவள் குடலுக்குள்ளும் உட்கார்ந்து எடைபோட்டுக்கொண்டிருந்தது. குடல் யோசிக்கிறது என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. குடல் தொடுகிறது என்று சொல்லலாம். இரண்டாவது மூளை என்று பட்டம் கொடுப்பதைவிட, உள்ளே இருக்கும் ஒரு கை என்று சொன்னால் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். ஆனால் நம் ஆட்களுக்கு மூளை என்றால்தான் மரியாதை. கை என்றால் கூலி.

(நேர்மைக்காக ஒன்று. செரோடோனினை நீக்கிவிட்டாலும் குடல் அசைவு அப்படியே நின்றுவிடுவதில்லை என்று காட்டும் சோதனைகளும் உண்டு. ஆகவே அதை முதலாளியாக்க வேண்டாம். கேட்டதை எடுத்துச் சொல்லும் ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போடிமெட்டு ஏறும்போது ஜீப்பில் வாந்தி வருவதற்குக் காரணம் இந்தக் குடல் செல் அல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் கண்ணும் ஒத்துப்போகாத சண்டை. புற்றுநோய் மருந்தால் வரும் வாந்தியில் செரோடோனினுக்கு நேரடிப் பங்கு உண்டு. அதைத் தடுக்கும் ஓண்டன்செட்ரான் மாத்திரை மலைப்பாதை வாந்திக்குப் பெரிதாக உதவாது. ஏலக்காய் மெல்லுவது உதவுமா என்றால், எங்கள் ஊரில் எல்லோரும் மெல்லுகிறோம், எல்லோரும் வாந்தியும் எடுக்கிறோம்.)

இப்போது நம் வீட்டுப் பக்கம் திரும்பலாம்.

தமிழ் இலக்கியத்தில் வயிறு என்றால் பசி. சுமாராக இரண்டாயிரம் வருஷமாக அதுதான். ஒரு நாள் சும்மா இரு என்றாலும் கேட்காது, இரண்டு நாள் சாப்பாட்டைச் சேர்த்து வாங்கிக்கொள் என்றாலும் கேட்காது என்று ஔவையார் வயிற்றோடு சண்டை பிடிக்கிற நல்வழிப் பாடல் எல்லோருக்கும் தெரியும். அதைப் பசியின் பாட்டாகவே படித்துவிட்டோம். எனக்கு அதன் இரண்டாவது பாதிதான் முக்கியமாகப் படுகிறது. இதற்கு மேல் இடமில்லை என்று வயிறு சொல்கிறதே, அது எப்படி? இரைப்பையின் அந்தப் பதிலை நரம்புகள் நேரடியாக எடுத்துப் போகின்றன, நான் மேலே சொன்ன செல்லின் ஆட்சி அதற்குக் கீழே குடலில். ஆனாலும் நிறைவை ஒரு உணர்வாக, பசிக்குச் சமமான இன்னொரு பேச்சாக, அந்தப் பாட்டு கண்டுகொள்கிறது.

மணிமேகலையில் வரும் காயசண்டிகையை இந்தக் கண்ணோடு படித்தால் கதை மாறிவிடுகிறது. பொதியில் மலைப் பக்கம் ஒரு முனிவர் வைத்திருந்த கனியை மிதித்துவிடுகிறாள், சாபம், பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ என்னும் தீராப் பசி. எவ்வளவு போட்டாலும் நிறையாது. நம் விமர்சகர்கள் அமுதசுரபியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரத்தின் அற்புதம், அறத்தின் பெருமை, பௌத்தம். ஆனால் காயசண்டிகையின் நோய் உணவு இல்லாத நோயே அல்ல. உணவு உள்ளே போகிறது, போனது அவளுக்குத் தெரியவில்லை. வயிறு தொடுவதை நிறுத்திவிட்ட நோய். சாத்தனார் எதைக் கவனித்து எழுதினார் என்று நமக்குத் தெரியாது, நான் அவரை விஞ்ஞானி ஆக்கவும் போவதில்லை. ஆனால் வெற்று வயிறும் உணர்விழந்த வயிறும் வேறு வேறு துன்பங்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிற்காலத் தமிழ் எழுத்து அந்த வேறுபாட்டைத் தொலைத்துவிட்டது.

நவீன எழுத்துக்கு வந்தால், மலைத்தோட்ட உழைப்பை நாம் எப்படி எழுதியிருக்கிறோம்? வால்பாறைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களை வைத்து டாக்டர் பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதியது இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆனது, பாலாவின் கையில் 2013இல் 'பரதேசி' ஆனது. அங்கே உடல் அடிபடும், காய்ச்சலில் சாகும். எங்கள் மலையை எடுத்துக்கொண்ட படம் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை', 2018. அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. தேனி ஈஸ்வரின் கேமரா ரெங்கசாமியின் பின்னாலேயே ஏறும். அவன் தோள், கழுத்து நரம்பு, பாதம் எல்லாம் நமக்குத் தெரியும். ஏலக்காய் மூட்டை பள்ளத்தில் சரிந்து போகிற அந்த இடத்தில் போடி தியேட்டரில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் "அய்யய்யோ" என்று எழுந்தே விட்டார். தமிழில் சுமையை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த படம் குறைவு.

ஆனாலும் ஒரு குறை. அந்தப் படத்தில் சுமை எப்போதும் உடம்புக்கு வெளியே இருக்கிறது. தலையில், தோளில். உடம்புக்குள் சுமக்கிற சுமை, அதுவும் பெண்கள் சுமப்பது, கேமராவுக்கு எட்டவில்லை. ஆண்கள் பாதையோரம் ஒதுங்கிவிடுகிறார்கள். ஜீப்பில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து போகும் பெண்களில் எத்தனை பேர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறார்கள் என்று எந்த ஷாட்டும் சொல்லாது. இதை லெனின் பாரதியின் தனிக் குற்றமாகச் சொல்லவில்லை. நம் யதார்த்தவாதம் மொத்தமும் இப்படித்தான். வியர்வையை எழுதும், ரத்தத்தை எழுதும், பசியை எழுதும், பிரசவத்தைக்கூட எழுதும். மலத்துக்கு வந்தால் முகம் திருப்பும். பெருமாள்முருகன் 'பீக்கதைகள்' என்று ஒரு முழுத் தொகுப்பையே போட்டபோது பலர் தலைப்போடு நின்றுவிட்டார்கள். தமிழில் அது பெரிய காரியம். அந்தத் தொகுப்பு வெளியே வந்ததைப் பற்றிய கதைகளால் ஆனது. வெளியே வராததை, வரவிடாததை எழுத இன்னும் ஆள் வர வேண்டும்.

ஏன் வர வேண்டும் என்று கேட்டால், அதற்குத்தான் அம்மாவின் பேச்சு. மலக்குடலுக்குள் மலம் இறங்கியதும் சுவர் விரிகிறது, உணர்வு எழுகிறது. அதுதான் 'வகுறு கேக்கும்'. வாசலில் இருக்கும் தசையை நாம் விருப்பப்படி இறுக்கலாம். இறுக்கினால் குடல் கொஞ்சம் இடம் கொடுத்துத் தளர்கிறது, உணர்வு அடங்குகிறது. அதுதான் 'பேசாமப் போயிரும்'. ஆனால் மலம் போகவில்லை. உள்ளே இருக்க இருக்க அதிலிருந்து தண்ணீர் உறிஞ்சப்படுகிறது, இறுகுகிறது. இதையே வருஷக்கணக்கில் செய்தால் பலருக்குக் குடல் கேட்பதையே குறைத்துக்கொள்கிறது. முன்பு சிறு விரிவுக்கே பேசியது, இப்போது பெரிய விரிவுக்குத்தான் பேசும். பியசோ2 பிறவியிலேயே வேலை செய்யாத சிலரை அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கவனித்திருக்கிறார்கள். கண்ணை மூடினால் தங்கள் கை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. மூத்திரப்பை நிரம்பியதும் சரியாகத் தெரியாது, கடிகாரம் பார்த்துப் போகிறவர்கள் உண்டு. குடலிலும் தொல்லை. அவர்களுக்கு அது மரபணுவில் எழுதியிருக்கிறது. ஏலக்காட்டில் அதே மாதிரி ஒன்றை வேலை நேரம் எழுதிவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனால் காயசண்டிகையைப் படித்தவனுக்கு இரண்டும் அக்கம்பக்கத்து வீடு.

அம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் மூலம் வந்தது, பிறகு நாலைந்து நாளைக்கு ஒருமுறை என்று ஆனது. ஒரு மருத்துவமனையில் காட்டினோம். டாக்டர் கீரை சாப்பிடுங்கம்மா, நிறையத் தண்ணி குடிங்கம்மா, மனசைக் கவலையில்லாம வைங்கம்மா என்றார். கெட்டவர் இல்லை. அம்மா சரிங்கய்யா என்றாள். வெளியே வந்து, "தண்ணியக் குடிச்சா எங்க போயி ஒதுங்குறதாம்? சுத்தி அட்டை, பின்னாடி கங்காணி" என்றாள். என்ன வேலை செய்கிறீர்கள், அங்கே கக்கூஸ் உண்டா என்ற இரண்டு கேள்விகள் அந்த அறையில் கேட்கப்படவில்லை. எனக்கு வருத்தம், அந்தக் கேள்விகள் நான் எழுதிய கதைகளிலும் கேட்கப்படவில்லை. மலையைப் பற்றி ஐந்து கதை எழுதியிருக்கிறேன். பனி, அட்டை, ஏல வாசனை எல்லாம் வந்துவிட்டது. ஒரு பாத்திரம்கூட அடக்கிக்கொண்டு இருக்கவில்லை.

பியசோ பற்றிப் படித்த உற்சாகத்தில் அம்மாவிடம் விளக்கினேன். விரலில் இருக்கிற அதேதான் குடலிலும் இருக்கு, அழுத்தினா தெரிஞ்சுக்கும், மருந்து மாதிரி ஒண்ணை விட்டு நரம்பைத் தட்டும் என்றேன். கேட்டுக்கொண்டாள். "இதக் கண்டுபிடிக்கவா பரிசு குடுத்தாங்க?" என்றாள். கொஞ்சம் கழித்து, "தட்டிச் சொல்லுதுன்னு நமக்குத் தெரியாதா என்ன. தட்டுனவனுக்குக் கதவத் தொறக்க வேணாமா?"

வேலையை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் கக்கூஸ் இருக்கிறது, பகல் முழுக்க அவளுடையதுதான். இப்போதும் காலை மூன்றரைக்கு எழுந்து, லைட்டைப் போடாமல், போய் உட்கார்ந்துவிடுகிறாள். ஏம்மா இந்நேரம் என்றால், "அஞ்சு மணிக்கு வண்டி வந்துருமேடா" என்று சொல்லிவிட்டு, பிறகுதான் நினைவு வந்தவள் மாதிரி சிரிக்கிறாள்.